ஆழியின் அடியோட்டம்

உலகத்துப் பொருள்களுள் கண்ணாற் கண்டு அறியப்படுவன சில. கருத்தாற் கருதி அறியப்படுவன பல. காற்றினை மரக்கிளையின் அசைவாலும், அன்பினை ஒருவர் செய்யும் செயலாலும் உணர்கின்றோமேயன்றி, அவற்றை நேரே கண்டோமில்லை. அத்தகைய புலப்படாப் பொருள்களுள் ஒன்றனைக் குறித்தே ஈண்டு எழுதப் புகுந்தோம். அது கடலின் அடியிலே, கதிரவன் ஒளி புகாத ஆழத்திலே, ஓசை சிறிதுமின்றி ஓடும் நீரோட்டமாகும். அவ்வோட்டம் என்றும் ஒரே நெறியிற் செல்வதன்று. ஒரே வலியோடு ஓடுவதுமன்று. நெறியும் மாறும்; வலியும் மாறும். இம்மாற்றத்தை அறிஞர் சிறிது சிறிதாகக் கண்டறிந்த வரலாறு யாவர்க்கும் சுவை தருவது. நொய்யலாற்றங்கரையிற் பிறந்த எம்மனோர்க்கோ சுவையோடு ஒரு படிப்பினையும் தருவது.

தமிழிலே கடலுக்கு வழங்கும் பெயர்கள் மிகப் பல. இடையறாது ஒலித்தலின் ஆர்கலி என்றனர்; பரந்து கிடத்தலின் பரவை என்றனர்; அலைகள் ஒன்றோடொன்று புணர்தலின் புணரி என்றனர். இவையெல்லாம் கரைமேல் நின்று நோக்குவான் கண்ணுக்கும் செவிக்கும் புலனாயவற்றைக் கொண்டு இட்ட பெயர்களேயாம். ஆழி என்னும் பெயர் ஒன்றே கீழே உள்ள ஆழத்தை நமக்கு நினைவூட்டுவது. அச்சொல்லுக்குச் சக்கரம் என்னும் பொருளும் உண்டு என்பதை நிகண்டு பயின்றார் அறிவர். இருபொருளும் ஒரு வேரினின்று தோன்றினவோ, வெவ்வேறு வேரினவோ என்பது மொழிநூலார் ஆராய்தற்குரியது. ஆயினும், ஆழம் என்பது அசைவற்றுக் கிடக்கும் தேக்கமன்று, அது மெல்லச் சுழலும் ஒரு பெருஞ் சக்கரம் என்று இற்றைநாள் கடல்நூலார் கூறக் கேட்டபொழுது, இச்சொல்லின் பொருத்தம் எமக்குப் பெருவியப்பை விளைத்தது.

"பஞ்சும் நூலும் பனியனுமே பேச்சாகவும் மூச்சாகவும் உடைய திருப்பூரிற் பிறந்தாய், தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயில்கின்றாய், உனக்கும் ஆழ்கடலுக்கும் யாது தொடர்பு?" என்று அன்பர் சிலர் வினவலாம். வினவுதல் முறையே. அதற்கு விடை கூறுவோம்.

எம் தந்தையார் சாயப்பட்டறையிற் பல்லாண்டு பணியாற்றி முதிர்ந்தவர். எம் தாய்மாமன் பத்துத் தையல் இயந்திரங்களைக் கொண்டு சிறிய பனியன் கம்பெனி ஒன்று நடத்துபவர். எம் கல்லூரிச் சம்பளத்தில் ஒரு பங்கு அவர் மனமுவந்து தருவது என்பதையும் மறைக்காமற் கூறவேண்டும். சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் இவ்விருவர்க்கும் ஒரு வாதம் நிகழ்ந்தது. சாயக்கழிவு நீரை ஒரு சொட்டும் வெளியே விடாது, அதிலுள்ள நீரையும் உப்பையும் பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்தல் வேண்டும் என்பது எம் ஊர்ப் பட்டறைகளுக்கு இன்று விதி. அதற்கு மின்சாரமும் விறகும் பெருஞ்செலவு. செலவு மிகுந்தாற் சாயக்கூலி உயரும். கூலி உயர்ந்தால் ஆர்டர் வேறு நாட்டிற்குப் போகும். ஆர்டர் போனால் மாமனாரிடம் வேலை செய்யும் பத்துக் குடும்பங்களின் அடுப்பு எரியாது. ஆதலின், அந்நீரைக் குழாய் வழியே கொண்டுபோய்க் கடலில் விட்டுவிடலாமே என்ற பேச்சு எம் ஊரில் அவ்வப்போது எழுவதுண்டு. அதனையே மாமா அன்று எடுத்துரைத்தார்.

"கடலில் எத்தனையோ ஆறு விழுகிறது, மச்சான். கடலே உப்பு. நம்முடைய உப்பும் அதிலே போய் விழட்டுமே! யாருக்கு என்ன நட்டம்?" என்றார் அவர்.

"ஆற்றையும் அப்படித்தான் நினைத்தோம்" என்றார் எம் தந்தையார். அதற்குமேல் அவர் பேசவில்லை.

மாமா எம் பக்கம் திரும்பி, "நீதான் படிக்கிற பிள்ளை. நீயே சொல், கண்ணு. கடலில் விட்டது எங்கே போகும்?" என்று கேட்டார். தெரிந்துகொண்டு சொல்வதாக வாக்களித்தோம். அவ்வாக்கே எம்மைக் கல்லூரி நூல்நிலையத்தில் இலக்கண நூல்கள் இருக்கும் பக்கத்தினின்று கடல்நூல்கள் இருக்கும் பக்கத்திற்கு ஈர்த்துச் சென்றது.

கடலின் அடியில் நீர் ஓடுவது எதனால்? மேலோட்டத்தைக் காற்றுத் தள்ளுகின்றது என்பது எளிதிற் புரிவது. காற்று எட்டாத ஆழத்தில் நீரைத் தள்ளுவது யாது? இதற்கு விடையாகும் காட்சியை யாம் நூலிற் காணுமுன்னரே எம் வீட்டிற் கண்டிருந்தோம். பருத்தித் துணியிற் சாயம் ஏறுவதற்கு உப்பு இன்றியமையாதது. அடர்ந்த நிறமாயின் லிட்டர் ஒன்றுக்கு ஐம்பது, அறுபது கிராம், சில வேளைகளில் அதற்கு மேலும் இடுவர். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராமே உப்பு உளது. எனவே, கருநீலச் சாயத்தொட்டி கடலினும் உப்பு மிக்கது என்பது எம் ஊர்க்கு வெளியே உள்ளார் அறியாத செய்தி. யாம் சிறு பிள்ளையாயிருந்தபோது, எம் தந்தையார் ஒரு கண்ணாடிக் குவளையில் நல்ல நீரை நிரப்பி, உப்புக் கரைத்த சாயநீரை அதன் உட்புறச் சுவர்வழியே மெல்லச் சாய்த்துக் காட்டினார். சாயநீர் கலவாது, ஒரு நூல்போல் இறங்கி, அடியிற் சென்று பாய்விரித்தாற்போற் படர்ந்தது. மேலே தெளிந்த நீர், கீழே நீலநீர், இடையே ஒரு கோடு. "கனம் கீழே போகும், போன இடத்தில் சும்மா இராது, படரும்" என்றார் அவர். ஆழ்கடல் ஓட்டத்தின் அடிப்படை இதுவே.

உப்பு மிகுந்தால் நீர் கனக்கும்; குளிர்ந்தாலும் கனக்கும். வட அட்லாண்டிக் கடலில் லாப்ரடார், கிரீன்லாந்து ஆகியவற்றை அடுத்த பகுதிகளில், மாரிக்காலத்துக் கொடுங்குளிரால் உப்பு மிக்க மேல்நீர் குளிர்ந்து கனத்து ஆழத்திற்கு இறங்குகின்றது. தெற்கே அண்டார்டிக் கண்டத்தின் ஓரத்திலே கடல்நீர் உறையும்போது, உப்பிற் பெரும்பகுதி பனிக்கட்டியில் அடங்காமல் வெளிப்பட்டு, எஞ்சிய நீரை மேலும் கனமாக்குகின்றது. அது மிகத் தாழ்ந்த அடித்தளத்திற்கே சென்று சேர்கின்றது. இவ்வாறு இறங்கிய நீர் நிலவுலகின் கடல்கள் எல்லாவற்றிலும் படர்ந்து, ஆயிரம் ஆண்டளவான காலத்தில் மீண்டும் மேலெழுகின்றது.

இந்தியப் பெருங்கடலுக்கு வடதிசையிற் குளிர்க்கடல் இல்லை. நிலமே அதனை அடைத்துநிற்கின்றது. ஆதலின், வங்கக் கடலின் அடியிலுள்ள குளிர்நீர் தெற்கே, அண்டார்டிக் பக்கத்தினின்று வந்ததேயாகும். நாகப்பட்டினத்துக் கரையில் மணல் காலைச் சுடும் சித்திரை மாதத்தில், அக்கடலின் நடுவே மூவாயிரம் மீட்டருக்குக் கீழ் உள்ள நீர் இரண்டு பாகை வெப்பமும் இல்லாத குளிரோடு இருக்கின்றது என்பதை எண்ணுங்கால் உடல் சிலிர்க்கின்றது.

இக்குளிரை முதன்முதல் அளந்தறிந்த செய்தி 1751ஆம் ஆண்டினது. ஹென்றி எல்லிஸ் என்னும் ஆங்கிலேயக் கப்பல் தலைவர், ஆப்பிரிக்கக் கரைக்கு மேற்கே வெம்மை மிக்க கடலில் ஒரு வாளியை நெடுங்கயிற்றில் ஆழ்த்தி நீர் முகந்தார், கீழ்நீர் குளிர்ந்திருந்தது. அவர் அக்குளிர்ந்த நீரைக் குளிக்கவும் மதுவைக் குளிர்விக்கவும் பயன்படுத்தினார். அக்கப்பல் அடிமை வாணிகத்திற்குரியது என்பதையும் வரலாறு குறித்துவைத்திருக்கின்றது. அறிவு வளர்ந்த இடமெல்லாம் அறம் வளர்ந்த இடமாகாது என்பதற்கு இது சான்று. பின்னர், அந்நூற்றாண்டின் இறுதியில், ரம்போர்டு பிரபு என்பார், வெப்பநாட்டுக் கடலடியில் உள்ள குளிர்நீர் துருவப்பக்கத்தினின்றே ஓடிவந்திருத்தல் வேண்டும் என்று கருத்தளவையால் முடிவு செய்தார். கண்டாரில்லை, கருதினார்.

நிற்க. கருதியதைக் காணுங் காலம் இருபதாம் நூற்றாண்டிலேதான் வந்தது. அமெரிக்கராகிய ஹென்றி ஸ்டொம்மல் என்பார், உலகு சுழலுதலின் விளைவாக ஆழ்நீர் ஓட்டம் பெருங்கடலின் மேற்கோரத்தை ஒட்டி ஒடுங்கி விரைந்து ஓடுதல் வேண்டும் என்று கணித்தார். ஆங்கிலேயராகிய ஜான் சுவாலோ என்பார் அதனைச் சோதிக்கத்தக்க ஒரு மிதவையை 1955ஆம் ஆண்டில் ஆக்கினார். அது அலுமினியக் குழாய்களால் ஆயது. அதன் நுட்பம் அழகியது. ஆழம் செல்லச்செல்ல நீர் அழுத்தத்தால் நெருங்கிக் கனக்கும்; குழாயோ நீரைப்போல் அத்துணை எளிதில் நெருங்காது. ஆதலின், ஓர் ஆழத்தில் நீரின் கனமும் குழாயின் கனமும் ஒத்துவிடும். அவ்விடத்தே குழாய் மேலும் போகாது, கீழும் போகாது, நீரோடு தானும் செல்லும். தான் இருக்குமிடத்தை ஒலியால் அறிவித்துக்கொண்டே இருக்கும். கப்பலில் உள்ளார் அவ்வொலியைக் கேட்டுப் பின்தொடர்வர். 1957ஆம் ஆண்டில் சுவாலோவும் வொர்திங்டன் என்பாரும் அமெரிக்கக் கரைக்கு அப்பால், வடக்கு நோக்கி ஓடும் வளைகுடா நீரோட்டத்தின் அடியிலே இம்மிதவைகளை இட்டனர். மேலே நீர் வடக்கே ஓட, ஆழத்தில் மிதவைகள் தெற்கே சென்றன. ஸ்டொம்மலின் கணிப்புப் பலித்தது.

ஆயின், வரலாறு அத்தோடு முடிந்திருந்தால் யாம் இக்கட்டுரையை எழுதியிரோம். 1959–60ஆம் ஆண்டுகளில் 'ஏரீஸ்' என்னும் பாய்க்கப்பலில் ஆய்வோர் பெர்முடாத் தீவுக்கு மேற்கே சென்று, நடுக்கடலின் ஆழத்திலும் மிதவைகளை இட்டனர். அங்கே நீர் மிக மெல்ல, ஒரே திசையில் நகரும். ஒரு மிதவையைப் பல மாதம் விடாது பின்தொடரலாம் என்பது அவர்தம் எண்ணம். நிகழ்ந்ததோ வேறு. மிதவைகள் எதிர்பார்த்ததினும் பன்மடங்கு விரைந்தோடின. ஒன்று சென்ற திசையில் மற்றொன்று செல்லவில்லை. சில வாரங்களில் ஓட்டமே திசை மாறியது. அமைதியின் உறைவிடம் என்று கருதப்பட்ட ஆழம், நூறு கிலோமீட்டர் அளவான சுழிகள் நிரம்பி அலைவதாக இருந்தது. மேலே வானத்திற் புயலும் காற்றழுத்த மாற்றமும் இருப்பதுபோலக் கடலினுள்ளும் ஒரு வானிலை உண்டு என்பது அன்று தொடங்கி வெளிப்பட்டது.

நெறி மாறுதல் பற்றிய மற்றொரு சான்று அண்மைக்காலத்தது. லாப்ரடார்ப் பக்கத்தினின்று இறங்கிய ஆழ்நீர், கண்டத்தின் ஓரத்தை ஒட்டியே ஒரு வாய்க்கால்போலத் தெற்கே செல்கின்றது என்று பாடநூல்கள் கூறிவந்தன. 2003ஆம் ஆண்டு முதலாகச் சில ஆண்டுகள் அவ்வாய்க்காலின் தலைப்பிலே ஆழ்மிதவைகள் பல இடப்பட்டன. நூற்றுக்கு எட்டே மிதவைகள் அவ்வோர நெறியை விடாது பற்றிச் சென்றன. ஏனைய பலவும் ஓரத்தை விட்டு நடுக்கடலுட் புகுந்து, சுழிகளில் அகப்பட்டுத் தமக்குத் தோன்றிய வழியே சென்றன. இம்முடிவு 2009ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பெருவழி என்று வரையப்பட்டது, பெரும்பாலோர் செல்லாத வழியாயிற்று!

இனி, வலிமையின் மாற்றத்தைக் காண்போம். 2004ஆம் ஆண்டு முதல், அட்லாண்டிக் கடலின் குறுக்கே, வடக்கு 26½ பாகையில், ப்ளோரிடா முதல் ஆப்பிரிக்கக் கரைவரை, கடலடியில் நங்கூரமிட்ட கம்பிகளிற் கருவிகளைக் கட்டித் தொங்கவிட்டு இவ்வோட்டத்தை இடைவிடாது அளந்துவருகின்றனர். மேலே வடக்கே சென்று, குளிர்ந்திறங்கி, ஆழத்தே தெற்கே மீளும் அச்சக்கரத்தின் சராசரி வலிமை, நொடி ஒன்றுக்கு ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம் கன மீட்டர் நீர். உலகத்து ஆறுகள் எல்லாம் ஒருங்கே கூடிக் கடலில் விழுவது ஏறத்தாழ 12 லட்சம் கன மீட்டரே என்றால் அதன் பெருமை விளங்கும். ஆயின், அளக்கத் தொடங்கிய முதலாண்டிலேயே அது ஒருகால் 40 லட்சமாகக் குறைந்தும், ஒருகால் 3½ கோடியளவாகப் பெருகியும் காணப்பட்டது. 2009–10ஆம் ஆண்டில் ஓராண்டுக்கு மேலாக அதன் வலிமை நூற்றுக்கு முப்பது விழுக்காடு குன்றியது. அப்பொழுது அமெரிக்காவில் நியூயார்க்குக்கு வடக்கேயுள்ள கரையோரத்திற் கடல்மட்டம் நூறு மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்து நின்றது. ஆழத்தில் நிகழ்ந்தது கரையிலே தெரிந்தது.

இம்மாற்றங்களுக்குக் காரணம் ஒன்றன்று, பல. வடதுருவப் பக்கத்து மாரிக்குளிர் ஓராண்டு கடுமையாகவும் ஓராண்டு மென்மையாகவும் இருப்பதால், இறங்கும் நீரின் அளவு வேறுபடும். பனி உருகி நல்ல நீர் மிகுதியாகக் கலப்பின், மேல்நீர் உப்புக் குறைந்து இறங்க மறுக்கும். மேலே வீசும் காற்று மாறுபடின், அதன் விளைவு ஆழத்தையும் எட்டும். கடலடியிலுள்ள மலைத்தொடர்களும் இடுக்குகளும் ஓட்டத்தைத் திருப்பும். இவையனைத்திற்கும் மேலாகச் சுழிகள் எங்கும் உண்டு. ஒரு கயிற்றைத் தூரத்தே நின்று நோக்குவார்க்கு அது ஒரே நேர்கோடு. கையில் எடுத்துப் பார்ப்பார்க்குப் பல இழைகள் முறுக்குண்டு, வளைந்து, சில இடையிலே அறுந்தும் கிடப்பது. ஆழ்கடலோட்டமும் அத்தன்மைத்தே என்க.

இனி நம் கடலை நோக்குவோம். உலகத்துக் கடல்களுள் இந்தியப் பெருங்கடலின் வடபகுதிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. ஏனைக் கடல்களில் மேலோட்டங்கள் பெரும்பாலும் ஒரு திசையே பற்றியிருக்க, இங்கே பருவக்காற்று மாறுந்தோறும் ஓட்டமும் மாறுகின்றது. இலங்கைக்குத் தெற்கே தென்மேற்குப் பருவத்திற் கிழக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவத்தில் மேற்கு நோக்கியும் நீர் ஓடுகின்றது. பசிபிக் கடலில், நிலநடுக்கோட்டின் அடியாக, மேல்நீருக்குக் கீழே கிழக்கு நோக்கி ஓடும் ஓர் உள்ளோட்டம் 1952ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டது. அது பெரும்பாலும் நிலைத்திருப்பது. 1960களின் முற்பகுதியிற் பல நாட்டார் கூடி இந்தியப் பெருங்கடலை ஆராய்ந்தபோது, அதனையொத்த உள்ளோட்டம் இங்கும் உண்டு, ஆனால் அது ஆண்டு முழுவதும் இருப்பதன்று, பருவத்தோடு தோன்றி மறைவது என்று கண்டனர். அவ்வாராய்ச்சியின் பயனாகவே கோவாவில் உள்ள தேசியக் கடலாய்வு நிறுவனம் 1966ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது.

நம் சோழமண்டலக் கரையை ஒட்டிய ஓட்டமும் இத்தகையதே. மாசி, பங்குனியில் அது வடக்கு நோக்கி வலிதாக ஓடும். ஐப்பசி, கார்த்திகையிலே தெற்கு நோக்கி ஓடும். நூல் பயிலாத நம் மீனவர் இதனை நெடுங்காலமாக அறிவர். கடலோட்டத்தை 'நீவாடு' என்பது அவர் வழக்கு. வடக்கிருந்து வருவதை 'வாநீவாடு' என்றும், தெற்கிருந்து வருவதைச் 'சோநீவாடு' என்றும் கூறுவர். வாடையும் சோழகமும் ஆகிய காற்றுப்பெயர்கள் அச்சொற்களின் தலைப்பில் ஒலிக்கக் கேட்கின்றோம். வலை வீசுமுன் எந்நீவாடு ஓடுகின்றது என்று பார்ப்பது அவர்க்கு உயிர்நிலையான கேள்வி.

2009ஆம் ஆண்டு முதல் கோவா நிறுவனத்தார் கடலூர், காக்கிநாடா, விசாகப்பட்டினம், கோபால்பூர் ஆகிய ஊர்களுக்கு அப்பால், கண்டச்சரிவிலே, ஒலியால் நீரோட்டத்தை அளக்கும் கருவிகளை நங்கூரமிட்டு நிறுத்தினர். அவை கூறியவற்றுள் இரண்டு செய்திகள் எம் கேள்விக்கு இன்றியமையாதன. ஒன்று, மேலே நீர் ஒரு திசையில் ஓடும்பொழுதே கீழே அதற்கு எதிர்த்திசையில் ஓடுவதும் உண்டு என்பது. மற்றொன்று, ஒரு பருவத்துள்ளேயே சில வாரங்களுக்கு ஒருமுறை ஓட்டம் தளர்வதும் திரும்புவதும், ஆண்டுக்கு ஆண்டு வேறுபடுவதும் உண்டு என்பது. ஆகவே, 'இக்கடல் இத்திசையில் ஓடும்' என்று ஒரு வாக்கியத்திற் கூறிமுடிக்க இயலாது. எம்மாதம், எவ்வாண்டு, எவ்வாழம் என்று கேட்டுப் பின்னரே விடை கூறல் வேண்டும்.

இனி எம் நொய்யலுக்கு வருவோம். வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் கரூர் மாவட்டத்திலே காவிரியுடன் கலக்கும் சிற்றாறு அது. மழைக்காலத்திற் பெருகுவது, ஏனைக் காலத்தில் மெலிவது, பல மாதங்களில் இயற்கை நீர் இல்லாமலே கிடப்பது. பனியன் தொழில் பெருகிய நாளில், சாயக்கழிவு நீர் இவ்வாற்றில் விடப்பட்டது. ஆறு கொண்டுபோய்விடும் என்பதே யாவர் எண்ணமும். பெருகிய நாளில் அது கொண்டுபோகவும் செய்தது. மெலிந்த நாளிலோ ஆற்றில் ஓடியதே சாயநீர்தான். 1992ஆம் ஆண்டிற் பாசனத்திற்கென்று முடிக்கப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணை, அவ்வுப்புநீர் தங்கும் தேக்கமாயிற்று. கீழே உள்ள வயல்களும் கிணறுகளும் கெட்டன. உழவர் நீதிமன்றம் சென்றனர். கழிவுநீர் வெளியேறாமற் செய்யும் ஏற்பாடு முடியும்வரை சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011ஆம் ஆண்டு ஜனவரியிற் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. யாம் அப்பொழுது ஐந்தாண்டுக் குழவி. பட்டறை மீண்டும் திறக்கும்வரை எம் இல்லத்தில் மாலைதோறும் தந்தையார் திண்ணையில் வாளா இருந்தது மட்டும் நினைவில் உளது. அவ்வாணையை அவர் ஒருநாளும் வைததில்லை. "நியாயந்தான், தண்ணீர் குடிக்கிறவன் வழக்குப் போடாமல் என்ன செய்வான்?" என்பார்.

ஆற்றின் வரலாற்றையும் ஆழியின் வரலாற்றையும் அருகருகே வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகின்றது. இரண்டிலும் மக்களை ஏய்த்தது 'சராசரி' என்னும் ஒரு சொல். ஆண்டில் இத்துணை நீர் ஓடும் என்று கூட்டி, நாள்களால் வகுத்து, அவ்வளவு நீர் நாள்தோறும் ஓடுவதாகக் கொள்வது கணக்கர் வழக்கம். ஆறு அக்கணக்கை அறியாது. கார்த்திகையில் ஓடிய வெள்ளம் வைகாசியில் விட்ட சாயத்தைக் கழுவ மீண்டு வாராது. ஆழ்கடலிலும், 1 கோடியே 70 லட்சம் என்பது எண். ஓடியதோ ஒருநாள் நாற்பது லட்சம், ஒருநாள் மூன்றரைக் கோடி. படத்தில் வரைந்த அம்புக்குறி நேரானது. மிதவைகளிற் பல அவ்வழியே செல்லவில்லை. சராசரி பொய்யன்று, அது நமக்குத் தேவையானதே. ஆயினும், அதனை நம்பி ஒரு பொருளை நீரில் விடுவோன், அந்நாளின் நீரை நம்பியே விடுகின்றான் என்பதை மறத்தல் கூடாது.

இவையனைத்தையும் திரட்டி மாமாவுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினோம். எம் ஊர்க் கழிவுநீர், கழுவுநீருடன் கலந்தபின், லிட்டருக்குச் சில கிராம் உப்பே உடையது. ஆதலின் அது கடல்நீரினும் இலேசானது. கடலிற் சேர்ந்தால் உடனே ஆழத்திற்குப் போய் மறையாது. மேலே மிதந்து, கரையோர நீவாடு கொண்டுசெல்லும் பக்கம் செல்லும். பங்குனியில் வடக்கே உள்ளார் வலைக்கும், கார்த்திகையில் தெற்கே உள்ளார் வலைக்கும் போகும். அதனையே கடலினும் கனமாகுமளவு சுண்டச்செய்து விட்டால், அடியிற் படிந்து படரும். அங்கே வாழும் உயிர்க்கு அதுவே வானமாகும். கடல் பெரிது என்பது மெய்யே. உப்பு அதற்குப் புதிதன்று என்பதும் மெய்யே. ஆயின், அந்நீரில் உப்பு மட்டும் இல்லை. சாயமும் வேறு மருந்துகளும் உள. 'எங்கே போகும்?' என்ற கேள்விக்கு, 'எங்கும் போகாது மறையும்' என்று கூற எந்த நூலும் எமக்கு இடந்தரவில்லை. இவ்வாறு எழுதி முடித்தோம். எம் சம்பளத்திற் பங்கு தருபவர்க்கு அவர் விரும்பாத விடையை எழுதுவது எளிதாயிருக்கவில்லை. ஆயினும் கேட்டவர் அவர். உண்மையன்றி வேறு கூறுதல் அவர் அன்புக்கு இழுக்காகும் என்று தெளிந்தோம்.

ஒரு வாரம் கழித்து அவர் தொலைபேசியில் அழைத்தார். "எல்லாம் படித்தேன், கண்ணு. சரிதான். கடலில் விடக்கூடாது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் அந்தச் செலவை நான் ஒருவனே தாங்கவேண்டுமா? பனியன் போடுகிறவன் தாங்கவேண்டாமா?" என்றார். அக்கேள்விக்குக் கடல்நூலில் விடை இல்லை. தூத்துக்குடித் துறைமுகத்தினின்று கப்பலேறிச் செல்லும் எம் ஊர்ப் பனியனை வாங்கி அணிவோர், அதன் விலையில் ஓர் ஆற்றின் விலையும் அடங்கியிருக்கின்றதா என்று கேட்பாராயின், ஒருவேளை விடை பிறக்கலாம். இவ்வாண்டும் எம் சம்பளத்தில் அவர்தம் பங்கு தவறாமல் வந்தது என்பதை நன்றியோடு குறிக்கின்றோம்.

உடன் பயிலும் நண்பர்களே! தமிழ் பயில்வோர்க்குரிய கடன் ஒன்றுண்டு. ஆழ்கடலைப் பற்றி யாம் பயின்றவை எல்லாம் பிறமொழி நூல்களிலே இருந்தன. அவற்றைத் தமிழிற் சொல்லப் புகுந்தபொழுது, நீவாடு என்னும் மீனவர் சொல்லும், படர்தல் என்னும் சாயப்பட்டறைச் சொல்லும் எமக்குக் கைகொடுத்தன. அறிவியலுக்குத் தமிழில் சொல் இல்லை என்பார், கரைக்கும் பட்டறைக்கும் சென்று கேட்டாரில்லை. கற்றோர் நூலிலிருந்தும், தொழில் செய்வோர் நாவிலிருந்தும் சொற்களை எடுத்துத் தொகுத்து, எம் மாமனைப் போன்றார் ஒரு கேள்வி கேட்கும்பொழுது அவர்தம் மொழியிலேயே விடை தரும் நூல்களை நாம் ஆக்கவேண்டும். ஆழத்தில் ஓடும் நீரைக் காண்பதற்கு அறிஞர் இருநூறு ஆண்டு முயன்றனர். அவர் கண்டதை நம் ஊரார்க்குக் கொண்டு சேர்ப்பதற்கு அத்துணைக் காலம் ஆதல் வேண்டா.